வெண்கலப் பாம்பை யார் உடைப்பது?

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூதா நாட்டை ஆண்ட எசேக்கியா மன்னன் வழிபாட்டுச் சீர்திருத்தம் ஒன்றைத் தொடங்கினான். குன்றுகளின் மேலிருந்த பலிமேடைகளை அகற்றினான், சிலைகளைத் தகர்த்தான், விக்கிரகத் தோப்புகளை வெட்டினான். இவை கானானிய வழிபாட்டோடு தொடர்புள்ளவை. இஸ்ரவேலின் கடவுளை வணங்கும் அரசன் அவற்றை அழித்ததில் வியப்பில்லை. ஆனால் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறது: மோசே செய்து வைத்த வெண்கலப் பாம்பையும் அவன் உடைத்துப்போட்டான். அந்தப் பாம்பு அயல்நாட்டுச் சரக்கன்று. வனாந்தரத்தில் பாம்புக் கடியால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, கடவுளே கட்டளையிட்டு மோசே அதைச் செய்தார், கம்பத்தில் உயர்த்தினார், நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்று எண்ணாகமம் கூறுகிறது. பல நூற்றாண்டுகளாக மக்கள் அதைப் பாதுகாத்து வந்தார்கள். எப்போதோ ஒருநாள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியாவின் காலத்திலும் அந்தத் தூபம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

விக்கிரக ஆராதனையைப் பற்றி வேதாகமம் எத்தனையோ இடங்களில் பேசுகிறது. அவற்றுள் என்னை மிகவும் சிந்திக்கவைப்பது இந்த ஒரு வசனம்தான். இதில் பொய்க் கடவுள் இல்லை, அந்நிய நாட்டுச் சடங்கு இல்லை, ஏமாற்றும் பூசாரி இல்லை. உண்மையாகவே நடந்த ஒரு மீட்பின் நினைவு, அதன் மீது நன்றி, நன்றியிலிருந்து மரியாதை, மரியாதையிலிருந்து தூபம் என்று படிப்படியாக நடந்தது. எந்தப் படியிலும் யாரும் கடவுளைக் கைவிடுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். பாம்பு தன்னளவில் தீயதும் அன்று. யோவான் நற்செய்தியில் இயேசு தம் சிலுவை மரணத்தை அந்தப் பாம்பு உயர்த்தப்பட்டதோடு ஒப்பிட்டே பேசுகிறார். அவ்வளவு புனிதமான ஒன்றைத்தான் எசேக்கியா சுக்குநூறாக்கினான், வேதாகமம் அதற்காக அவனைப் புகழ்கிறது. கிறிஸ்தவ விசுவாசியின் இருதயத்துக்குள் நுழையும் விக்கிரகம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கடவுள் தந்த நன்மைகளிலிருந்தும், பக்தியின் பெயராலும்தான் அது உருவாகிறது. ஆகவே நாம் மிகவும் நேசிக்கிறவற்றின் வாசலில்தான் காவல் தேவை.

இது ஒற்றை வசனத்தில் ஊன்றிய வாதம் அன்று. பழைய ஏற்பாட்டின் பெரிய விக்கிரகக் கதைகளில் பலவும் இப்படியே அமைந்திருக்கின்றன. சீனாய் மலையடிவாரத்தில் ஆரோன் பொன் கன்றுக்குட்டியைச் செய்தபின் அறிவித்தது வேறொரு தெய்வத்தின் திருவிழாவை அன்று. நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் அறிவித்தான். கிதியோனின் கதை இன்னும் கூர்மையானது. மீதியானியரை வென்றபின் மக்கள் அவனை அரசனாகும்படி கேட்டபோது, கர்த்தரே உங்களை ஆளுவார் என்று மறுத்தான். அதே கிதியோன் கொள்ளையில் கிடைத்த பொன் கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். அந்த 1,700 சேக்கல் பொன்னைக் கொண்டு ஏபோத்து என்னும் குருத்துவ அங்கியைச் செய்து தன் ஊரில் வைத்தான். இஸ்ரவேல் முழுவதும் அதைப் பின்பற்றிச் சோரம்போயிற்று என்று நியாயாதிபதிகள் புத்தகம் வருந்துகிறது. அரச பதவியை மறுக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்த மனிதன், வழிபாட்டுப் பொருள் ஒன்றில் தடுக்கி விழுந்தான். பின்னாளில் பெலிஸ்தரோடு நடந்த போரில் தோற்றவுடன் இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடினார்கள். பெட்டி வந்தால் வெற்றி வரும் என்று நம்பினார்கள். தோற்றதோடு பெட்டியையும் பறிகொடுத்தார்கள். எருசலேம் ஆலயத்துக்கும் அதுவே நேர்ந்தது. ஆலயம் இங்கே இருக்கும்வரை நமக்கு ஒன்றும் வராது என்று நம்பியிருந்த மக்களிடம், வாசலில் நின்று எரேமியா பேசினார்: திருடுவீர்கள், கொல்லுவீர்கள், ஏழையை ஒடுக்குவீர்கள், பிறகு இங்கே வந்து ஒளிந்துகொள்வீர்களோ என்பது அவருடைய பேச்சின் சாரம். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அந்த ஆலயத்தை எரித்தார்கள். அங்கி, பெட்டி, ஆலயம், பாம்பு ஆகிய எதுவுமே இஸ்ரவேலருக்கு அந்நியமானது அன்று.

புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது சிலையே இல்லாத விக்கிரகம் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி முன்பே மூப்பர்களைப் பார்த்து, இவர்கள் விக்கிரகங்களை இருதயத்தில் நாட்டி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். இயேசு ஒருபடி மேலே போய், பணத்தை ஓர் எஜமானாகவே உருவகித்தார். இரண்டு எஜமானர்களுக்கு ஒருவன் ஊழியம் செய்ய முடியாது என்றார். பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தில் பொருளாசையை நேரடியாக விக்கிரக ஆராதனை என்றே அழைக்கிறார். 1529-இல் மார்ட்டின் லூத்தர் தம் பெரிய வினாவிடை நூலில் முதல் கட்டளையை விளக்கியபோதும் இதையேதான் அடிப்படையாக்கினார்: உன் மனம் எதைப் பற்றிக்கொண்டு எதன்மீது சாய்ந்திருக்கிறதோ அதுவே உன் கடவுள் என்பது அவருடைய விளக்கத்தின் கருத்து. ஆபத்து வரும்போது முதலில் எதை நோக்கி ஓடுகிறோம் என்பதில்தான் நாம் யாரை வணங்குகிறோம் என்பது தெரியும்.

பொதுவான வாசகர் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். விக்கிரக ஆராதனை என்பது பிற மதத்தாரைப் பழிக்கக் கிறிஸ்தவர்கள் கையாண்ட சொல்தானே? நியாயமான கேள்வி. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு உட்பட மிஷனரிகள் பலர் அந்தச் சொல்லை அப்படித்தான் கையாண்டார்கள், அதனால் உண்டான காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் வேதாகமத்தில் இந்தக் குற்றச்சாட்டு யாரை நோக்கி வீசப்படுகிறது என்று பார்த்தால் படம் மாறும். தீர்க்கதரிசிகளின் கண்டனத்தில் பெரும்பகுதி சொந்த மக்கள்மீதுதான் விழுகிறது. அத்தேனே பட்டணத்தில் சிலைகளைக் கண்டு மனம் வெதும்பிய பவுல், அம்மக்களிடம் பேசத் தொடங்கியபோது அவர்களுடைய பக்தியைக் குறிப்பிட்டே தொடங்கினார். எபேசுவில் கலகம் மூண்டபோது நகரத்தின் சம்பிரதி, இந்த மனிதர்கள் கோயிலைக் கொள்ளையிடவும் இல்லை, நம் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று கூட்டத்தை அமர்த்தினார். கிறிஸ்தவர் அல்லாத ஓர் அதிகாரி தந்த சாட்சி அது. யோவான் தம் முதல் நிருபத்தை முடிக்கும் கடைசி வரி, விக்கிரகங்களிலிருந்து உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்பது. அது சபைக்குள் இருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. அயலாரை எடைபோடும் கருவியாக இச்சொல்லைக் கொடுத்தவர் யாரும் இல்லை, எடுத்துக்கொண்டவர்கள்தான் உண்டு.

சரி, அப்படியானால் சபைக்குள் உள்ள சொரூபங்களையும் படங்களையும் அகற்றிவிட்டால் போதாதா என்று வேறொரு தரப்பு கேட்கும். கிறிஸ்தவ உலகம் இந்தக் கேள்வியில் தன்னைத்தானே பிளந்துகொண்டிருக்கிறது. பைசாந்தியப் பேரரசில் நூறாண்டுக்கும் மேலாக நீடித்த சண்டையின் நடுவே, 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு என்று பிரித்துக் காட்டியது. கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் இன்றும் அதில் நிற்கிறார்கள். 1524-இல் சூரிச் நகரத்துச் சீர்திருத்தக்காரர்கள் ஆலயங்களிலிருந்து எல்லாப் படங்களையும் இறக்கிச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். இரு தரப்புக்கும் வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் வெள்ளையடித்த சுவர் இருதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையை வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. அதற்கு 20ஆம் நூற்றாண்டு ஜெர்மனியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

லூத்தரின் தேசம் அது. வேதாகமத்தைத் தாய்மொழியில் வாசிப்பதையும், ஆழமான இறையியல் கல்வியையும், ஆலயத்தில் பிரசங்கத்துக்கு முதலிடம் தருவதையும் பெருமையாகக் கொண்ட சபைகள் அங்கே இருந்தன. 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில், ஹிட்லரை ஆதரித்த ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற அணி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரஷ்ய சபையின் பேரவை, யூத வம்சத்தில் பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், குருப்பணியில் இருக்கக் கூடாது என்ற விதியை ஏற்றது. நவம்பர் 13-ஆம் தேதி பெர்லின் விளையாட்டு அரங்கில் சுமார் 20,000 பேர் கூடியிருக்க, அவ்வணியின் தலைவர்களில் ஒருவரான ரைன்ஹோல்டு கிரவுசே, பழைய ஏற்பாட்டையே சபையிலிருந்து விலக்க வேண்டும் என்று முழங்கினார். 1939-இல் ஐசனாக் நகரில், ஜெர்மன் சபை வாழ்க்கையிலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றுவதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. மறு ஆண்டே யூத வேர்களை வெட்டி எறிந்த ஒரு ‘புதிய ஏற்பாட்டை’ அந்நிறுவனம் வெளியிட்டது. யூதராகப் பிறந்த இயேசுவை வணங்கும் சபையில் இது நடந்தது.

இந்தச் சபைகளை வழிநடத்தியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் கிறிஸ்துவை மறுதலிக்கிறோம் என்று நினைக்கவில்லை. நாடு, இனம், குடும்பம், அரசு ஆகியவை கடவுளே படைப்பில் ஏற்படுத்திய ஒழுங்குகள், அவற்றுக்குக் கீழ்ப்படிவது கடவுளுக்குக் கீழ்ப்படிவதே என்று புகழ்பெற்ற இறையியல் பேராசிரியர்கள் சிலரே வாதிட்டார்கள். முதல் உலகப்போரில் தோற்று, வறுமையிலும் அவமானத்திலும் நொந்திருந்த மக்களுக்குத் தாய்நாட்டின் எழுச்சி கடவுளின் கொடையாகத் தெரிந்தது. நாட்டுப்பற்று தன்னளவில் நல்லதுதான், அதை மறுக்க வேண்டியதில்லை. அந்த நன்மைக்கு முன்னால்தான் தூபம் ஏற்றப்பட்டது. 1934 மே 29 முதல் 31 வரை பார்மன் நகரில் கூடிய சபைப் பிரதிநிதிகள், சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் முதன்மையாக வரைந்த ஓர் அறிக்கையை ஏற்றார்கள். கடவுளின் ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே, அவருக்குப் புறம்பான வேறு எந்த நிகழ்வையும் ஆற்றலையும் தலைவரையும் கடவுளின் வெளிப்பாடாக ஏற்க முடியாது என்பது அதன் முதல் கூற்றின் பொருள். ஹிட்லரின் பெயர் அதில் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே சமயம் அந்த அறிக்கை, துன்புறுத்தப்பட்ட யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பின்னாளில், 1967-இல், பார்த்தே அதைத் தம் குற்றமாக ஒப்புக்கொண்டார். விக்கிரகத்தை அடையாளம் கண்டுகொண்டவர்களுக்கும் அதற்குப் பலியாகிறவர்கள் கண்ணில் படவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டுச் சபை வரலாற்றை வாசிக்கிறவர்களுக்கு ஜெர்மானியப் பேராசிரியர்களின் வாதம் பழக்கமான குரலாகக் கேட்கும். சாதி சமயம் சார்ந்தது அன்று, அது வெறும் சமூக வழக்கம், குடும்ப மரியாதை, ஊர் ஒழுங்கு, ஆகவே ஞானஸ்நானம் அதைத் தொட வேண்டியதில்லை என்று 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே சளைக்காமல் வாதிட்டார்கள், மிஷனரிகளில் பலரும் அதற்கு இசைந்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது, திரளானோர் சபையைவிட்டே விலகினார்கள். திருவிருந்தை இழந்தாலும் இழப்போம், சாதி வரிசையை இழக்க மாட்டோம் என்பது எவ்வகை ஆராதனை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் வழிபட்ட ஆலயங்களில் சொரூபங்கள் இல்லை. சொரூபங்கள் நிறைந்த கத்தோலிக்க ஆலயத்திலும் நிலை வேறாக இல்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தில் வந்து சேரும் இரு தனித்தனிக் கூடங்களாக, சாதிக்கொன்றாகக் கட்டப்பட்டது. 1910-இல் கௌசானல் அடிகளார் நடுத்தடுப்பை இடித்தார். மேல்சாதி எனத் தம்மைக் கருதியவர்கள் அது மீண்டும் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை போன அவ்வழக்கில் அவர்கள் தோற்றார்கள். சாதி கடவுள் தந்த நன்மை அன்று. ஆனால் உறவு, மரபு, முன்னோர் மீது மரியாதை என்ற நன்மைகளின் உடையை அணிந்துகொண்டுதான் அது ஆலயத்துக்குள் வருகிறது. உருவம் உள்ள சபையும் உருவம் இல்லாத சபையும் ஒரே விக்கிரகத்துக்கு இடம்கொடுத்தன என்பது, காவல் எங்கே தேவை என்பதைக் காட்டிவிடுகிறது.

இப்போது கடினமான ஆட்சேபம் ஒன்று எழும். பிள்ளைகளை நேசிப்பது, தொழிலில் ஊக்கமாயிருப்பது, மொழியையும் நாட்டையும் போற்றுவது எல்லாம் விக்கிரகம் என்றால், கிறிஸ்தவர் எதையுமே நேசிக்கக் கூடாதா? நெருக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகிக்கும் மனம் பக்தியை வளர்க்காது, வாட்டிவிடும். இதற்கு 5ஆம் நூற்றாண்டின் அகுஸ்தீன் தந்த பதில் இன்றும் நிற்கிறது: அன்பைக் குறைப்பதில் அன்று, அன்பை அதனதன் இடத்தில் வைப்பதில்தான் நன்மை இருக்கிறது. ஆனால் இடம் மாறிவிட்டதை எப்படிக் கண்டுகொள்வது? வேதாகமமே ஓர் அடையாளத்தைத் தருகிறது. எருசலேமை அடுத்த இன்னோம் பள்ளத்தாக்கில் மக்கள் தங்கள் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டதை எரேமியா கண்டித்தார். அது கடவுளின் மனதில் தோன்றக்கூட இல்லை என்று சொன்னார். விக்கிரகம் பலி கேட்கும், பெரும்பாலும் பிறரைப் பலி கேட்கும். நாட்டுப்பற்று யூத அயலானைக் கேட்டபோது அது நாட்டுப்பற்றாக இருப்பதை விட்டுவிட்டது. குடும்ப மானம் மகளின் உயிரையோ விருப்பத்தையோ கேட்கும்போதும் அப்படியே. மகனின் மதிப்பெண்ணுக்காக அவனுடைய தூக்கமும் சிரிப்பும் காவு கொடுக்கப்படும்போது, அங்கே கல்வி கொடையாக இல்லை. நான் நேசிக்கும் இந்த நன்மைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், நேர்மையாகக் கேட்டால், பதில் கிடைக்கும்.

இன்றைய சபைகளில் வெண்கலப் பாம்புக்கு மிக நெருங்கிய உறவு, ஊழியத்தைச் சுற்றி வளரும் பக்திதான். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னவர் யாக்கோபு, ஆகவே அந்த எண்ணெய் பழிக்கத்தக்கதன்று. அதுவே புட்டியில் அடைக்கப்பட்டு, தனக்குள்ளே ஆற்றல் உடைய பொருளாக விற்கப்படும்போது மறுபடியும் தூபம் எழும்புகிறது. நல்ல பிரசங்கி ஒரு கொடை. அவருடைய கணக்கைக் கேட்பதே பாவம், அவருக்கு எதிராகப் பேசினால் சாபம் என்ற நிலை வந்தால் கொடை பீடம் ஏறிவிட்டது என்று பொருள். காணிக்கை கொடுத்தால் பன்மடங்கு திரும்ப வரும் என்ற செழிப்பு உபதேசமோ, இயேசு எதிர் எஜமானாகக் காட்டிய பணத்தையே அவருடைய கையிலிருந்து கேட்கிறது. இவற்றில் சிக்குகிறவர்களை நான் குறை கூற மாட்டேன், பெரும்பாலும் அவர்கள் மருத்துவச் செலவிலும் கடனிலும் உடைந்துபோனவர்கள். அவர்களுடைய உடைவை முதலாக்குகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாக் காவலோடும் இருதயத்தைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது நீதிமொழிகள். அதைத் தனியாகச் செய்ய முடியும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. பிடிபட்ட ஆரோன் மோசேயிடம் என்ன சொன்னான் என்று பாருங்கள்: மக்கள் பொன்னைத் தந்தார்கள், நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது. தன் கையால் செதுக்கியதைத் தானாக வந்தது என்று சொல்லும் திறமை எல்லா இருதயங்களுக்கும் உண்டு. தாவீது அரசனுக்கு அவன் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி தேவைப்பட்டார், ஜெர்மனிக்கு பார்மனில் ஒரு கூட்டம் தேவைப்பட்டது, அந்தக் கூட்டத்துக்கும் அதன் குருட்டிடத்தைச் சுட்டிக்காட்ட வெளியிலிருந்து ஒருவர் தேவைப்பட்டிருப்பார். ஆகவே இருதயத்தைக் காக்கும் வழிகள் பெரும்பாலும் பழைய, எளிய, பிறரோடு சேர்ந்து கைக்கொள்ளும் வழிகளாகவே இருக்கின்றன. வேலையை நிறுத்தி ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறவர், நான் இல்லாமலும் உலகம் நடக்கும் என்று வாரந்தோறும் ஒப்புக்கொள்கிறார். வலது கை செய்வதை இடது கை அறியாமல் கொடுக்கிறவரிடம் பணத்தின் பிடி தளர்கிறது. நமக்குப் பிடிக்காத தீர்க்கதரிசிகளையும் விடாமல் வாசிக்கும் சபை, நமக்குப் பிடித்த கடவுளை மட்டும் செய்துகொள்ளாமல் தப்புகிறது. எல்லாவற்றையும்விட, நம்மால் விலை கொடுக்க நேர்ந்தவர்கள் நம் முகத்துக்கு நேரே பேச இடம் வேண்டும்.

இறந்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் புதைக்கும் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் இங்கே உண்டு. அவற்றில் நிற்கும் சுவரை இடிக்க அரசாணைக்கோ நீதிமன்றத் தீர்ப்புக்கோ அந்தச் சபைகள் காத்திருக்கத் தேவையில்லை. வரும் நிர்வாகக் கூட்டத்தில் அந்தச் சுவரின் பேச்சை எடுங்கள். அதனால் அவமதிக்கப்பட்ட குடும்பங்களை அழைத்து முதலில் அவர்களைப் பேசவிடுங்கள், பிறகு அவர்களோடு சேர்ந்து அதை இடியுங்கள்.